வன்னியில் ஒலியிழந்த கருவிகள்: டைனமோ முதல் மடிக்கணினி வரை

செவிவாயிலாகப் பெறும் அறிவைத் தமிழர் தொன்றுதொட்டுப் பெரிதாக மதித்து வந்துள்ளனர். கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தமை இதற்குச் சான்றாகும். இருபதாம் நூற்றாண்டில் அக்கேள்வியைக் கருவிகள் சுமக்கத் தொடங்கின. முதலில் வானொலி வந்தது. பின்னர் ஒலிநாடா வந்தது. இன்று மடிக்கணினி வந்துள்ளது. கருவி பேசிக்கொண்டிருக்கும்வரை அதனைப்பற்றி எவரும் சிந்திப்பதில்லை. அது வாய்மூடிய பின்னரே, ஒலி எங்கிருந்து வந்தது, எவ்வழியாக வந்தது, எவ்விடத்தில் நின்றது என்னும் வினாக்கள் எழுகின்றன. வன்னிப் பெருநிலத்து மக்கள் இவ்வினாக்களை ஏனையோரிலும் மிகுதியாக எழுப்ப நேர்ந்தவர்கள். அவற்றுக்கு அவர்கள் கண்ட விடைகளின் வரலாற்றையும், இன்றைய மடிக்கணினியின் ஒலிக்கோளாற்றைத் தீர்ப்பதற்கு அவ்வரலாறு காட்டும் நெறியையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கையில் ஒலிபரப்பு, தந்தித் திணைக்களப் பொறியியலாளரான எட்வேட் ஹாப்பர் என்பாரின் முயற்சியால் உருவாயிற்று. 1925 டிசெம்பர் 16 ஆம் நாள் கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கப்பெற்றது. 1949 இல் அது இலங்கை வானொலி எனப் பெயர் பெற்றது. எனினும், அக்காலத்து வால்வு வானொலிப் பெட்டிக்கு வீட்டு மின்சாரமோ பெரிய பற்றரியோ வேண்டியிருந்தது. காடும் குளமும் வயலுமாக விரிந்துகிடந்த வன்னிக் கிராமங்களுள் அத்தகைய பெட்டி ஒன்றைப் பேணத்தக்க வீடுகள் மிகச் சிலவே. 1947 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் திரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. 1954 இல் அதனைக்கொண்டு இயங்கும் சிறு வானொலி விற்பனைக்கு வந்தது. இரண்டு அல்லது நான்கு உலர்மின்கலங்களே அதற்குப் போதுமாயின. வயற்குடிலிலும் மாட்டுப்பட்டியிலும் வானொலி ஒலிக்க வழி பிறந்தது அதன் பின்னரேயாம். கருவியின் உயிர் அச்சிறு மின்கலங்களில் இருந்தது என்பதனை இங்கு மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்னர் வந்த இடர் அவ்விடத்திலேயே பிடித்தது.

1990 யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டது. வடபகுதிக்கான தேசிய மின்வழங்கல் அற்றுப்போயிற்று. அரசு விதித்த பொருளாதாரத் தடையின் பட்டியலில் எரிபொருள், உரம், சீமெந்து முதலியவற்றோடு பற்றரியும் இடம்பெற்றது. வவுனியா நகரம் அரசின் ஆட்சிக்குள் இருந்தமையால் மின்சாரத்தையும் கடைவீதியையும் இழக்கவில்லை. அதற்கு வடக்கே, கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் உள்ளடக்கிய நிலப்பரப்போ இருளில் மூழ்கிற்று. மண்ணெண்ணெயைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு ஜாம் போத்தலுக்குள் சிறுதிரி வைத்து எரித்த விளக்கு அக்காலத்தின் சின்னமாகும். அவ்விளக்கு பாடப்புத்தகத்திற்குப் போதிய வெளிச்சம் தந்தது. ஆனால், செய்திக்கு விளக்குப் போதாது, ஒலி வேண்டும்.

ஒலியின்மை அந்நாளில் வெறும் பொழுதுபோக்கின் இழப்பன்று. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தனர். அவர்களுட் பெருந்தொகையானோர் கிளாலிக் கடனீரேரியைக் கடந்து வன்னியை அடைந்தனர். 1996 செப்ரெம்பரிற் கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் வசமாயிற்று. 1997 மே மாதத்தில் ஏ-9 வீதியைக் குறித்து மற்றொரு பெரும்படையெடுப்புத் தொடங்கிற்று. எவ்வீதி திறந்துள்ளது, எவ்வூரிற் செல் விழுந்தது, எத்திசையிற் செல்வது என்பன உயிரோடு பிணைந்த வினாக்கள். இலங்கை வானொலி, திருச்சி வானொலி, பி.பி.சி. தமிழோசை, மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ், 1990 இல் தொடங்கிய புலிகளின் குரல் என ஒன்றையொன்று மறுக்கும் பல குரல்களைக் கேட்டு, அவற்றை ஒப்புநோக்கி, உண்மையை ஊகித்தறியும் பழக்கம் மக்களிடம் வேரூன்றிற்று. வரலாற்று மாணவன் ஆவணங்களை ஒப்புநோக்கும் முறையும் இதுவேயன்றோ?

இவ்வாறு கேட்பதற்கு முதலில் மின்கலத்துக்கு உயிரூட்டல் வேண்டும். தேய்ந்த பற்றரிகளை மக்கள் வெயிலில் வைத்தனர். துளையிட்டு உப்புநீர் ஊற்றினர். இவற்றை மூடச்செயல் என ஒதுக்குதல் பொருந்தாது. உலர்மின்கலத்தினுள்ளே நாகக்குவளைக்கும் கரிக்கோலுக்கும் இடையில் உள்ள பசை உலர்ந்தால் மின்னோட்டத்துக்குத் தடை மிகும். வெப்பம் உள்ளே நிகழும் இரசாயனத் தாக்கத்தை விரைவுபடுத்தும். உப்புநீர் உலர்ந்த பசையை நனைக்கும். ஆதலின் இழந்த வலு சிறிது மீளும். நாகம் தின்னப்பட்டுத் தீர்ந்தபின் எம்முயற்சியும் பயனளியாது.

இதனினும் நிலையான வழி துவிச்சக்கரவண்டியின் டைனமோவாகும். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்ற, ரயரோடு உரசிய டைனமோ மின்சாரத்தைப் பிறப்பித்தது. ஒருவர் சுழற்ற, வீட்டாரும் அயலாரும் சூழ்ந்திருந்து கேட்டனர். வண்டியின் விளக்குக்காகச் செய்யப்பட்ட அக்கருவி பொதுவாக 6 வோல்ற்றும் 3 வாற்றும் தருவது. அது தருவது ஆடலோட்டம். வானொலி வேண்டுவதோ நேரோட்டம். எனவே இடையில் ஓர் இருவாயியை இட்டு ஓட்டத்தை ஒருதிசைப்படுத்தவும், ஒரு கொள்ளளவியை இட்டு இரைச்சலைக் குறைக்கவும் வேண்டியிருந்தது. பழைய கருவிகளினின்றும் கழற்றிய உறுப்புகள் இதற்கு உதவின. விரைந்து சுழற்றினால் வோல்ற்றளவு ஏறும். தளர்ந்தாற் குரல் தேயும். செய்தி முடியும்வரை கை ஒரே சீராக ஓடுதல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் வன்னிக்கும் பொதுவான இவ்வழக்கம் தனியொருவரின் கண்டுபிடிப்பாக அன்றி, தேவையே ஆசானாகி ஊரெங்கும் பரப்பிய கல்வியாக விளங்கியது.

அக்கல்வியின் உட்கிடை யாது? கோளாற்றைத் தேடுவதில் வரிசை பிறழாமையே அது. வானொலி ஒலிக்கவில்லையெனில், தேர்ந்த திருத்துநர் உடனே பற்றுக்கோலை எடுக்கமாட்டார். முதலில் மின் வருகின்றதா என நோக்குவார். அடுத்து, ஒலிபெருக்கியின் இரு கம்பிகளிலும் ஒரு மின்கலத்தைத் தொடுவிப்பார். ‘டிக்’ என்னும் ஓசை எழுந்தால் ஒலிபெருக்கி பழுதன்று. பின்னர் ஒலியளவுக் குமிழைத் திருப்பிப் பார்ப்பார். கரகரத்தால் அங்கே அழுக்குண்டு. அதன்பின் குமிழின் முனையை விரலாற் தொடுவார். இரைச்சல் கேட்டால் அதற்கப்பாலுள்ள பெருக்கிப் பகுதி நன்று. குறை அலையை ஏற்கும் பகுதியிலாம். இவ்வாறு வாயிலிருந்து பின்னோக்கிச் சென்று, நல்லதனை நல்லதென ஒதுக்கி, எஞ்சியதைப் பிடிப்பதே முறை. நோயையும் அதன் மூலத்தையும் தணிக்கும் வழியையும் முறையே ஆராயுமாறு வள்ளுவர் மருத்துவனுக்கு விதித்த நெறி இதுவேயாகும்.

வன்னி மின்சாரத்தை இழப்பதற்கு முந்திய ஆண்டில், அஃதாவது 1989 இல், சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் ‘சவுண்ட் பிளாஸ்டர்’ என்னும் ஒலியட்டையை வெளியிட்டது. 1981 இல் வந்த ஐ.பி.எம். தனியாள் கணினி ‘பீப்’ என ஒலிப்பதன்றி வேறறியாது. கணினிக்கு வாய் தந்தவை இத்தகைய அட்டைகளே. 1997 இல் இன்ரெல் நிறுவனம் வகுத்த ஏ.சி.97 என்னும் நியமமும், 2004 இல் அதற்குப் பதிலாக வந்த எச்.டி. ஓடியோ நியமமும் ஒலிப்பகுதியைத் தனி அட்டையினின்றும் தாய்ப்பலகைக்குள் ஒடுக்கின. மடிக்கணினியின் ஒலி ஒரு சிறு சில்லினுள் அடங்கிற்று. டைனமோவின் துணையால் வன்னி செய்தி கேட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே இம்மாற்றத்தின் பெரும்பகுதி உலகில் நிகழ்ந்து முடிந்தது. 2002 பெப்ரவரியிற் போர்நிறுத்த உடன்பாடு வந்து, ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தபின் கணினிகள் வன்னிக்கு வந்தன. 2006 ஓகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது. 2009 மே மாதம்வரை நீடித்த பேரழிவில் மக்கள் உயிரையும் உறவையும் உடைமையையும் ஒருங்கே இழந்தனர். மீள்குடியேற்றத்தின் பின்னரே மின்கம்பிகளும், அவற்றைத் தொடர்ந்து மடிக்கணினியும் பரவலாயின. கிளிநொச்சி அறிவியல்நகரிற் பல்கலைக்கழகப் பீடங்கள் எழுந்தன. 2021 ஓகஸ்ட் 1 இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 2020 மார்ச்சில் கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஆசிரியரின் குரலே கருவிவழியாக வரவேண்டியதாயிற்று. ஊமையான மடிக்கணினியின் முன் அமர்ந்த மாணவனுக்கு அன்றைய வகுப்பே இல்லை.

இங்கே கோளாறு புதியதோர் இடத்திற் குடிபுகுந்தது. மின் உண்டு, ஒலிபெருக்கி உண்டு, சில்லும் உண்டு, ஆயினும் ஒலி இல்லை. காரணம், பணிசெயல் முறைமைக்கும் சில்லுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளனாக நிற்கும் ‘டிரைவர்’ எனப்படும் இயக்கி மென்பொருள் பழுதுற்றமையாகும். ஒவ்வொரு சில்லும் தனக்கெனக் கட்டளைமொழி உடையது; இயக்கி அதனை அறிந்து உரைப்பது. மொழிபெயர்ப்பாளன் மறைந்தாலோ, ஆள்மாறி வேறொருவன் வந்தாலோ, இருபுறத்தாரும் நலமாயிருப்பினும் உரையாடல் நிகழாது. விண்டோஸ் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்போது பொருந்தாத இயக்கி இடம்பெறுவது இவ்வகைக் கோளாற்றுக்கு ஒரு காரணமாகும்.

கண்ணுக்குத் தெரியாத இக்கோளாற்றுக்கும் பழைய வரிசையே மருந்து. முதலில் ஒலி அடைக்கப்பட்டுள்ளதா என விசைப்பலகையிலும் திரையிலும் நோக்குக. அடுத்து, ஒலி வேறொரு வாயிலுக்குச் செல்கின்றதா என ஆராய்க. புளூடூத் கருவியையோ எச்.டி.எம்.ஐ. திரையையோ கணினி தெரிவு செய்திருத்தல் கூடும். மூன்றாவதாகச் செவிப்பன்னியைச் செருகிப் பார்க்க. அதில் ஒலி கேட்டு, கழற்றியபின் ஒலி அற்றால், செருகுதுளையில் உள்ள உணர்முனை சிக்கி நிற்கலாம்; சோளகக் காற்றுக் காலத்து வன்னிப் புழுதி அதற்குப் போதும். நான்காவதாகச் சாதன முகாமையாளரைத் திறக்க. ஒலிச்சாதனத்தின் அருகே மஞ்சள் நிற எச்சரிக்கைக் குறி காணப்பட்டால், இயக்கியின்மேல் ஐயம் கொள்ளல் தகும். புதுப்பித்தலின் பின் கோளாறு தோன்றியதாயின் முன்னைய இயக்கிக்கு மீளுக. அன்றேல் அவ்வியக்கியை நீக்கிக் கணினியை மீளத் தொடக்குக. விண்டோஸ் தன்னிடமுள்ள பொது இயக்கியை இடும். அதுவும் பயன்படாவிடின், மடிக்கணினியின் மாதிரி எண்ணைக் குறித்து, அதனைச் செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே உரிய இயக்கியைப் பெறுக.

இறுதிச் சோதனை ஒன்றுண்டு. பென் டிரைவில் இட்ட லினக்ஸ் முறைமையால், உள்ளிருக்கும் விண்டோஸைத் தொடாமலே கணினியை இயக்கலாம். அப்போது ஒலி எழுந்தால் வன்பொருள் நலமாயுள்ளது. குறை மென்பொருளிலேயே உளது. எழாவிடின் திருத்துநரை நாடுதல் பெரும்பாலும் தகுதி. ஒலிபெருக்கியில் மின்கலத்தைத் தொடுவித்த அன்றைய கையின் செயலே வேறு வடிவில் இங்கு நிகழ்கின்றது.

எனினும், பழையதும் புதியதும் முற்றும் ஒன்றெனக் கொள்ளல் வரலாற்று நோக்கிற்குப் பொருந்தாது. தடைக்கால வானொலியை வன்னியில் உள்ள பொருளைக்கொண்டே பேசவைக்க முடிந்தது. மடிக்கணினியின் இயக்கியோ ஊரிற் செய்யத்தக்க பொருளன்று. அதனைச் செய்த நிறுவனம் தரல் வேண்டும். பழைய மாதிரிகளுக்கு இயக்கி வெளியிடுவதை நிறுவனம் நிறுத்திவிடின், உறுப்பெல்லாம் நன்றாயிருந்தும் புதிய பணிசெயல் முறைமையிற் கருவி ஊமையாகலாம். 2025 ஒக்ரோபர் 14 உடன் விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு முடிவுற்றமையால் இவ்வினா பல வீடுகளின் வாயிலுக்கு வந்துள்ளது. அன்று பற்றரியைச் சோதனைச்சாவடி மறித்தது. இன்று உரிய இயக்கியை மறிப்பது தொலைவிலுள்ள நிறுவனமொன்றின் தீர்மானம். முன்னையதன் கொடுமை பின்னையதற்கு இல்லை; ஆயினும் கருவியின் உயிர் பிறர் கையில் இருத்தல் இரண்டுக்கும் பொது.

ஆதலின் சில முன்னேற்பாடுகள் வேண்டப்படுகின்றன. கணினி நன்றாயிருக்கும்போதே அதன் மாதிரி எண்ணைக் குறித்துவைத்தலும், உரிய இயக்கிகளைப் பென் டிரைவிற் படியெடுத்துப் பேணுதலும் எளிய காப்புகளாம். மூலநிரல் யாவர்க்கும் திறந்துள்ள லினக்ஸில் ஒலி இயக்கிகள் பல முறைமையோடு சேர்ந்தே வருவதாற் பழைய கருவிகள் அங்கு மீண்டும் பேசுவதுண்டு. பாடசாலைகள் இவற்றைச் செயல்முறையாகக் கற்பித்தல் நன்று. கருவி ஊமையானவுடன் அதனை விலக்கிப் புதியதைத் தேடுவது வசதியுள்ளோர்க்கு இயலும். கடன்பட்டு வாங்கிய ஒரே மடிக்கணினியை வீடு முழுதும் பகிரும் மாணவர்க்கு இயலாது.

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இன்று டைனமோ சுழற்றும் தேவை ஒழிந்தது, அது மகிழ்தற்குரியதே. அவ்வாறு சுழற்றிய தலைமுறை இன்னும் நம்மிடையே உள்ளது. அவர்களுட் பலர் மடிக்கணினியைக் கண்டு அஞ்சி விலகுகின்றனர். இளையோரோ அவர்களிடம் கற்பதற்கு யாதுமில்லையெனக் கருதுகின்றனர். இருசாராரும் தவறுகின்றனர். ஒலி நின்ற இடத்தைப் பதறாது, படிப்படியாகத் தேடிக் காணும் அறிவு மூத்தோரிடம் உண்டு. புதிய கருவியின் பெயர்கள் இளையோரிடம் உண்டு. இவ்விரண்டும் ஒரே மேசையில் அமர்வதாயின் வன்னியில் ஊமையாய்க் கிடக்கும் கருவிகளுட் பல மீண்டும் பேசும் என்பது திண்ணம்.