ஒண்டுக்குடித்தனத்திலிருந்து அசோசியேஷன் வரை



"சார், எங்கள் பழைய ஃபிளாட்டை இடித்துக் கட்ட பில்டர் வந்திருக்கிறார், கையெழுத்துப் போடலாமா?" என்று இந்த வருடம் உங்களில் சிலர் கேட்டுவிட்டீர்கள். நான் வக்கீல் இல்லை. ஆனால் சென்னையில் பல குடும்பங்கள் ஒரே கட்டடத்தில் எப்படிக் காலம் தள்ளின என்ற வரலாறு தெரிந்தால், பில்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது உங்களுக்கே புரியும். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

திருவல்லிக்கேணி, மயிலாப்பூர்ப் பக்கம் ஒண்டுக்குடித்தனம் என்று இருந்தது. ஒரே வாசல், கிணறு, குழாய், முற்றம், கழிப்பறை எல்லாம் பொது. சண்டை சச்சரவு எவ்வளவு வந்தாலும் தீர்ப்பு சொல்ல வீட்டுக்காரர் ஒருவர் இருந்தார். ஓடு மாற்றுவதும் கிணறு தூர் வாருவதும் அவர் பொறுப்பு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வாடகைக் கட்டுப்பாடு வந்தது. பிறகு அது 1960-ஆம் ஆண்டுச் சட்டமாக நிலைத்தது. ஏழைக் குடித்தனக்காரரை நள்ளிரவில் தெருவில் நிறுத்தாமல் காத்தது அந்தச் சட்டம்தான். அதே சமயம், பல இடங்களில் வாடகை உயரவில்லை, கொத்தனார் கூலி உயர்ந்தது. வீட்டுக்காரர்கள் பழுது பார்ப்பதை விட்டார்கள்.

இந்த நிலையில்தான் தனி வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுந்தன. 1980, 90-களில் பி.எஃப். பணத்தையும் கடனையும் சேர்த்து நம் ஆட்கள் ஃபிளாட் வாங்கினார்கள். பத்திரத்தில் இரண்டு சொத்து: நான்கு சுவருக்குள் உள்ள வீடு, மனையில் பிரிக்கப்படாத பாகம். எல்லோரும் வீட்டுக்காரர் ஆனார்கள். ஆனால் பழைய வீட்டுக்காரர் செய்த வேலையைச் செய்ய ஆள் இல்லை. மொட்டை மாடி ஒழுகினால் மேல்மாடிக்காரர் மட்டும் அழுதார். தரைத்தளக்காரர் லிஃப்ட் செலவு தரமாட்டேன் என்றார்.

அடுக்குமாடி உரிமைச் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டு 1997-இல்தான் நடைமுறைக்கு வந்தது. பல குடியிருப்புகள் அதன்படி பதிவு செய்யாமல், 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிந்துகொண்டு செயலாளரின் நல்ல மனசை நம்பி ஓடின. அந்தச் செயலாளர் பெரும்பாலும் ஓய்வு பெற்ற ஒருவர். சம்பளம் கிடையாது, வசவு மட்டும் உண்டு.

அதற்குள் விதிகளும் செலவுகளும் மாறிக்கொண்டே வந்தன. 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அதை ஒழுங்காகப் பராமரிக்காத குடியிருப்புகள் 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தன. ஜி.எஸ்.டி. வந்தபின், மாதப் பராமரிப்புத் தொகை தலைக்கு 7,500 ரூபாயைத் தாண்டி, சங்கத்தின் ஆண்டு வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீத வரி. 2022 செப்டம்பரில் படிக்கட்டு விளக்கு, மோட்டார் போன்ற பொது மின்சாரத்துக்குத் தனிக் கட்டணம், யூனிட் 8 ரூபாய். எதிர்ப்பு எழுந்ததால், பத்து வீடுகளுக்கு மேற்படாத, மூன்று மாடிக்குள் அடங்கிய, லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு மட்டும் 2023 நவம்பர் முதல் 5.50 ரூபாயாகக் குறைத்தார்கள்.

இப்போது இடித்துக் கட்டும் விஷயம். முன்பு நடைமுறையில் எல்லோர் கையெழுத்தும் வேண்டியிருந்தது. ஒருவர் மறுத்தாலும் நின்றுபோகும். 2022-இல் இயற்றி 2024-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். இதில் நியாயம் உண்டு. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் குடிசை மாற்று வாரியம் கட்டிய 24 வீடுகள் கொண்ட கட்டடம் சரிந்து விழுந்ததே, நினைவிருக்கிறதா? விரிசலைக் கண்டு மக்கள் முன்பே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. ஒருவரின் பிடிவாதத்துக்காக மற்றவர்கள் ஆபத்தில் இருக்க முடியாது. ஆனால் மீதி மூன்றில் ஒரு பங்கில் பென்ஷனில் வாழும் பெரியவர்கள் இருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

பில்டர் ஏன் வருகிறார்? கணக்கு எளிது. இரண்டு கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி மனை. பழைய விதிப்படி ஒன்றரை மடங்கு, 7,200 சதுர அடி கட்டலாம். 900 சதுர அடியில் எட்டு வீடு. 2019-ஆம் ஆண்டு விதிகளில் இது இரண்டு மடங்கு, 9,600 சதுர அடி. கூடுதலான 2,400 அடியை விற்றுத்தான் அவர் மொத்தச் செலவையும் லாபத்தையும் எடுக்க வேண்டும். மனை விலை உயர்ந்த தெருவில் இது ஒத்து வரும். மற்ற இடத்தில் உங்களிடமே பணம் கேட்பார், அல்லது பாதியில் நிற்பார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் மனைப் பாகம் முன்பு 600 சதுர அடி. புதுக் கட்டடத்தில் அதே 900 அடி வீட்டுக்கு அது 450 ஆகிவிடும். லிஃப்ட் வந்தால் மின்சாரச் சலுகை போகும், மாதச் செலவு ஏறும். புது வீடு கிடைக்கும் என்பது உண்மை. இலவசமாகக் கிடைக்கிறது என்பது உண்மை இல்லை.

ஆகவே முதலில் சங்கத்தைச் சட்டப்படி பதிவு செய்யுங்கள். கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்து, பழுது பார்த்தால் போதுமா, இடித்தே ஆக வேண்டுமா என்று எழுத்தில் வாங்குங்கள். கட்டும் காலத்து வாடகை, தாமதமானால் இழப்பீடு, மனைப் பாகம் எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், அம்மா அப்பா கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை முழுதாகப் படித்துப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் கட்டை விரல் காட்டுவதோடு நிறுத்தாமல் கூட்டத்துக்குப் போங்கள். நீங்கள் போகாத கூட்டத்திலும் தீர்மானம் நிறைவேறும்.

உங்கள் குடியிருப்பில் இதை எப்படிச் சமாளித்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். அடுத்தவருக்குப் பயன்படும்.