நிறுத்தும் பொத்தான்: பம்பாய் மில்லிலிருந்து தாராவிப் பட்டறைவரை

பம்பாயின் முதல் நூற்பாலை 1856இல் தார்தேவில் ஓடத் தொடங்கியது முதல் அரை நூற்றாண்டுக்கும் மேலாக, மில் எந்திரங்கள் நீராவி எஞ்சின் சுழற்றிய நீண்ட இரும்புத் தண்டிலிருந்து பெல்ட்டுகள் வழியாகவே இயக்கம் பெற்றன. தனியொரு தறியை நிறுத்த, அதன் பெல்ட்டை வெறும் கப்பிக்குத் தள்ளும் நெம்புகோல் தொழிலாளியின் கையருகே இருந்தபோதிலும், தலைக்கு மேலே சுழன்ற தண்டை நிறுத்தும் அதிகாரம் எஞ்சின் கூடத்திடமே இருந்ததால், பெல்ட்டில் துணி சிக்கியவரின் கூக்குரல் அங்கே எட்ட வேண்டியிருந்தது. 1915இல் கோப்போலியின் டாட்டா நீர்மின் நிலையம் மில்களுக்கு மின்சாரம் தரத் தொடங்கிய பிறகும் பல இடங்களில் பெரிய மோட்டார்கள் அதே தண்டைத்தான் சுழற்றின. எந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்ற முறை படிப்படியாகப் பரவியபோதுதான், நிறுத்தும் அதிகாரம் எந்திரத்தருகே நிற்பவரின் விரலுக்கு வந்தது. மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் பொத்தான்கள் கொண்ட ஸ்டார்ட்டர் பெட்டியின் வரலாற்று முக்கியத்துவம் இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது.

பச்சைப் பொத்தானை அழுத்தியதும் பெட்டிக்குள் உள்ள காயில் காந்தமாகி, மூன்று ஃபேஸ்களின் தொடுமுனைகளை இழுத்து மூடுகிறது. கூடவே மூடும் சிறு தொடுமுனை ஒன்று பொத்தானுக்கு இணையாக இணைக்கப்பட்டிருப்பதால், விரலை எடுத்த பின்னும் காயிலுக்கு மின்சாரம் அறுவதில்லை. கரண்ட் போனால் காயில் பிடியை விட்டுவிடும். கரண்ட் திரும்பி வந்தாலும், யாரேனும் மறுபடி பச்சையை அழுத்தும்வரை மோட்டார் அசையாது. மெயின் சுவிட்சை மட்டும் நம்பி ஓடும் லேத்தோ, கரண்ட் போன இடைவெளியில் வேலைப்பொருளைப் பிடிக்கும் ‘சக்’கைத் துடைக்கக் குனிந்தவரின் கை அதன்மேல் இருக்கும்போதே சுழன்றுவிடும். பெட்டியில் உள்ள ஓவர்லோடு ரிலே என்பது, அளவுக்கு மீறிய மின்னோட்டத்தால் சூடேறி வளைந்து காயிலின் சுற்றை அறுக்கும் ஈருலோகப் பட்டை. மூன்றில் ஒரு ஃபேஸ் போய்விட்டால் மற்ற இரண்டும் சுமையை ஏற்று மோட்டார் கருகிப்போகாமல் காப்பது பெரும்பாலும் அதுவே. அடிக்கடி டிரிப் ஆகிறதென்று மோட்டாரின் பெயர்ப்பலகையில் குறித்துள்ள ஆம்பியருக்கு மேலே ரிலேயைத் திருகி வைக்கும் வழக்கம், இந்தக் காவலைக் கெடுத்துவிடுகிறது.

பம்பாயில், பாந்த்ராவின் இறைச்சிக்கூடத்தை அண்டி வளர்ந்த தாராவிக் குடிசைப்பகுதியின் தோல் பதனிடும் கூடங்களில் திருநெல்வேலிச் சீமைத் தமிழர் பெருமளவில் உழைத்தனர். 1976ஆம் ஆண்டின் குடிசைக் கணக்கெடுப்புக்குப் பின் குடியிருப்போருக்குப் புகைப்பட அட்டை வழங்கப்பட்டதும், மின்சாரம் முறைப்படி கிடைக்க வழி திறந்தது. 1982இன் மில் வேலைநிறுத்தத்திற்குப் பின் பெரிய ஆலைகள் ஒடுங்க, நகரின் உற்பத்தியில் பெரும்பங்கு சிறு பட்டறைகளுக்கு இடம்பெயர்ந்தது. கீழே எந்திரமும் மேலே பரண் வீடுமாக அமைந்த தாராவிப் பட்டறைகளில் வேலைக்கூடத்தையும் குடும்பத்தையும் பிரிப்பது ஒரு பலகைத்தளம் மட்டுமே.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், நெருக்கடியில் மின்விசையை அறுக்கும் சாதனம் ஒவ்வொரு வேலைக்கூடத்திலும் இருக்க வேண்டுமென்று 24ஆம் பிரிவில் விதித்தது. ஆனால், மின்விசையுடன் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தையே அது தொழிற்சாலையாகக் கருதியதால், நான்கைந்து பேர் உழைக்கும் பட்டறை அதன் கண்ணுக்கு அகப்படவில்லை. அங்கே பாதுகாப்பு வயர்மேனின் கையோடு நின்றது. மாதுங்காவுக்கு 1923இல் இடம்பெயர்ந்த விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கழகம் தாராவிக்கு அருகிலேயே இருந்தும், பட்டறை வயரிங்கைப் பலர் கற்றது மூத்த மிஸ்திரிகளிடமே. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் வயரிங் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரே செய்ய வேண்டுமென்றும், மோட்டாரின் உடலுக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகள் வேண்டுமென்றும் கூறின. ஒன்று அறுந்தாலும் மற்றொன்று காக்கும் என்பதே அதன் நோக்கம். ஈரமும் உலோகத் தகடும் சூழ்ந்த தாராவியில் அந்த இரண்டாவது வயரைச் செலவு என்று விடுவது மன்னிக்கத்தக்க சிக்கனம் அன்று.

ஸ்டார்ட்டர் பெட்டி இருந்தால் மட்டும் போதாது; அது எந்திரத்துக்குப் பின்னால் சுவரில் மாட்டப்பட்டிருந்தால், ஆபத்து வேளையில் சிவப்புப் பொத்தானை எட்ட ஓடும் பாகத்தின் மேலாகக் கை நீட்ட வேண்டியிருக்கும். நிறுத்தும் பொத்தான் காயிலின் சுற்றில் தொடராக இருப்பதால், அதே சுற்றில் வேறு இடங்களில் எத்தனை பொத்தான்களை வேண்டுமானாலும் சேர்க்கலாம். அவற்றுள் ஒன்று பரணேறும் ஏணியருகிலும் இருக்கலாம்.