குடிநோயும் மருத்துவப் பயிற்சியும்

கண்டி மலைநாட்டிலே கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்தில் சாராயக் குத்தகையும் உடன் பெருகிற்று. அரசாங்கத்துக்கு அது நல்ல வருமானம். குடிக்கு அடிமையானவனை நோயாளியென நோக்கியவர் சிலரே. 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அபினையும் அபாயகர ஒளடதங்களையும் கட்டுப்படுத்த எழுந்தது. சட்டம் முந்திற்று, மருத்துவப் பயிற்சியோ நெடுங்காலம் பிந்தியே வந்தது.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. நாள்தோறும் மிகுதியாகக் குடிக்கும் தோட்டத் தொழிலாளி ஒருவர் கால் முறிந்து மருத்துவமனையிற் கிடக்கிறார் எனக் கொள்வோம். குடி நின்ற இரண்டு மூன்று நாட்களில் உடல் நடுங்கும், வலிப்பும் வரலாம், சுவரிலே இல்லாத பூச்சிகள் ஊர்வதாகத் தோன்றும். பயிற்சியற்றவர் அதனைப் பித்தென்று கருதிக் கட்டிலோடு கட்டிவிடக்கூடும். பயின்றவரோ உரிய மருந்துடன் தயமின் என்னும் உயிர்ச்சத்தையும் கொடுத்து உயிரைக் காப்பார். அனுமதிக்கும்போதே, எவ்வளவு குடிப்பீர்களென்று இகழாமல், நோயாளியின் தமிழிலேயே கேட்கத் தெரிந்தவர் ஆபத்தை முன்கூட்டியே உணர்வார்.

1962இல் பேராதனையில் நாட்டின் இரண்டாவது மருத்துவ பீடம் தோன்றியது. 1973இல் கொழும்புத் திட்டம் போதைப்பொருள் ஆலோசனைப் பணியைத் தொடங்கி, ஆசிய நாடுகளின் சிகிச்சையாளருக்குப் பயிற்சியளிக்க முற்பட்டது. எண்பதுகளில் ஹெரோயின் பரவவே, 1984ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை உருவாயிற்று. அதன் சிகிச்சை நிலையமொன்று கண்டியிலும் அமைந்தது. போதைக்கு அடிமைப்பட்டோரின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்குமெனத் தனிச் சட்டம் வந்ததோ 2007இலேதான்.