பனிமலையும் ஒரு சோடிச் சப்பாத்தும்

2024 செப்டெம்பரில் எவரெஸ்ட் மலையின் வடபுறத்து மத்திய ரொங்புக் பனியாற்றில், உருகிய பனியிலிருந்து ஒரு சப்பாத்து வெளிப்பட்டது. அதனுள்ளே ஒரு பாதம். காலுறையில் ஏ.சி. இர்வின் என்ற பெயர் தைக்கப்பட்டிருந்தது. 1924 ஜூன் 8 ஆம் திகதி ஜோர்ஜ் மலோரியுடன் சிகரத்தை நோக்கிச் சென்று காணாமற்போன 22 வயது இளைஞர் அவர். மலோரியின் உடல் 1999 மே 1 ஆம் திகதி கண்டெடுக்கப்பட்ட செய்தி வந்தபோது நான் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். இருவரும் சிகரத்தை அடைந்தார்களா என்பதே அன்று எல்லோரதும் கேள்வி. எனது கவனமோ அவர் அணிந்திருந்த, அடியில் இரும்பாணிகள் அடித்த தோற் சப்பாத்தின் மீதே சென்றது.

அக்காலத்து மலையேறிகளுக்கு வேறு வழி இருக்கவில்லை. வெறுந்தோல் பனிக்கட்டியில் வழுக்கும். ஆணி கௌவிப் பிடிக்கும். ஆனால் இரும்பு குளிரைக் கடத்தும். விழாமற் காத்த அதே ஆணி பாதத்தின் சூட்டையும் களவாடியது. அதே 1924 இல் 8,500 மீற்றருக்கும் மேலே சென்ற எட்வேர்ட் நோர்ட்டன், அழுத்திய கம்பளியாலான, தோலடி வைத்த சப்பாத்தில் ஆணிகளை ஐதாகவே அடித்திருந்தார். பிடிப்பா, சூடா என்ற இந்த இழுபறிதான் பனிமலைச் சப்பாத்தின் வரலாறு என்பது என் எண்ணம்.

ஆணியின் வேலையைச் சப்பாத்திலிருந்து பிரித்தெடுத்தது கிராம்பன் எனப்படும், கழற்றி மாட்டக்கூடிய இரும்பு முட்சட்டம். 1929 இல் இத்தாலியரான லோரன் கிரிவெல் அதன் முன்புறத்திலும் இரண்டு முட்களை நீட்டிவைத்தார். 1938 ஜூலையில் சுவிற்சர்லாந்தின் ஐகர் மலையின் வடமுகத்தில் அதன் பெறுமதி தெரிந்தது. ஆணிச் சப்பாத்துடன் வந்த ஹைன்ரிக் ஹரரும் அவரது தோழரும் பாடுபட்டுப் படி வெட்டி ஏறிய பனிச்சரிவில், முன்முள் பூட்டிய ஹெக்மயரும் வேர்க்கும் விரைந்தேறி அவர்களை எட்டிப் பிடித்துவிட்டனர்.

இதற்கிடையே 1935 இல், இத்தாலிய ஆல்ப்ஸின் புந்தா ராசிகா மலையில், பாறைக்கென மெல்லிய காலணிகளை மாற்றிக்கொண்டு ஏறிய குழுவொன்று பனிப்புயலில் அகப்பட்டு அறுவர் மாண்டனர். அவர்களுடைய தோழரான மிலான் நகரத்து விற்றாலே பிரமானி, பாறைக்கும் பனிக்கும் ஒன்றாக உதவும் இறப்பர் அடியை 1937 இல் உருவாக்கினார். அவரது பெயரைச் சுருக்கியே விப்ரம் என்ற பெயர் வந்தது.

இறப்பர் பிடிப்பைத் தந்தாலும், நனைந்த தோல் உறைவதைத் தடுக்கவில்லை. 1950 ஜூன் 3 ஆம் திகதி அன்னபூர்ணா சிகரத்தை நெருங்கிக்கொண்டிருந்த லூயி லஷெனால், தம் பாதங்கள் மரத்துப்போவதை உணர்ந்தார். ஷமொனியில் மலைவழிகாட்டியாக உழைத்துண்டவர். பாதமே அவரது பிழைப்பு. தாம் திரும்பினால் என்ன செய்வீர்கள் என்று தலைவர் மொரிஸ் எர்சோக்கிடம் கேட்டார். தனியே மேலே செல்வேன் என்றார் எர்சோக். லஷெனால் பின்தொடர்ந்தார். எர்சோக் கால்விரல்களோடு கைவிரல்களையும், லஷெனால் கால்விரல்கள் அனைத்தையும் இழந்தனர். பிரான்ஸ் தேசம் எர்சோக்கைக் கொண்டாடியது. தோழரைத் தனியே விட மனமின்றியே தாம் சென்றதாக லஷெனால் எழுதிவைத்த குறிப்புகளோ, அவர் 1955 இல் இறந்து நெடுங்காலத்தின் பின், 1996 இல்தான் முழுமையாக வெளிவந்தன. பத்திரிகைக்காரனான எனக்கு அந்த நாற்பது வருடத் தாமதம் சப்பாத்தை விடவும் உறுத்துகிறது.

1953 எவரெஸ்ட் குழுவுக்காகப் பிரித்தானியாவின் கெற்றரிங் நகரிலிருந்த காலணி ஆராய்ச்சி நிலையம் புதியதொரு சப்பாத்தை வடிவமைத்தது. மெல்லிய ஆட்டுத்தோலுக்கும் நீர்புகா உட்தோலுக்கும் இடையே ஏறத்தாழ ஓர் அங்குலத் தடிப்பில் வைக்கப்பட்டது என்ன தெரியுமா? நம் வீட்டு மெத்தைகளிலும் தலையணைகளிலும் அடைக்கப்பட்ட அதே இலவம் பஞ்சுதான்! சோடியொன்றின் நிறை ஏறத்தாழ இரண்டு கிலோகிராம். அது உயரத்துக்கு மட்டுமே உரியது. கீழே நடப்பதற்கு வேறு சோடி. மே 29 ஆம் திகதி காலை, கழற்றி வைத்த சப்பாத்துக் கல்லாக உறைந்துவிட்டதால் எட்மண்ட் ஹிலாரி அதை அடுப்பில் காய்ச்சி இளக்குவதற்கு இரண்டு மணித்தியாலம் சென்றது. டென்சிங் முந்தைய சுவிஸ் பயணத்தில் கிடைத்த கலைமான் தோற் சப்பாத்துடனேயே உறங்கியிருந்தார். அனுபவம் பேசியது!

பின்னர் பிளாஸ்ரிக் ஓடும் தனியே கழற்றக்கூடிய உட்சப்பாத்தும் வந்தன. ஓடு நீரை உறிஞ்சுவதில்லை. உட்சப்பாத்தை உறங்கும் பையினுள்ளேயே வைத்துக்கொள்ளலாம். ஹிலாரி பட்ட பாடு அத்துடன் தீர்ந்தது. முன்முட்களில் நிற்பதற்கு வேண்டிய விறைப்பும் வாய்த்தது. அடி வளைந்தால் கிராம்பன் கழன்றுவிடும், கெண்டைக்கால் களைத்துவிடும். எனினும் பழைய பிளாஸ்ரிக் ஓடுகள் வெளியே பழுதின்றித் தோன்றியபடியே மலையில் திடீரென வெடித்து உடைந்த சம்பவங்கள் உண்டு. நீடித்து உழைக்கும் என்பதை வெளித்தோற்றத்தால் அளக்க முடியாது.

இன்று வாங்குவோர் நிறையையும் விலையையும் முதலில் பார்க்கின்றனர். நானறிந்தவரை பாதத்தின் அளவே முதலாவது. மலையில் அணியவிருக்கும் தடித்த காலுறையுடன், பாதம் சற்று வீங்கும் மாலை வேளையில் போட்டுப் பார்க்கவேண்டும். குதி மேலெழக்கூடாது, சுவரில் முன்பாதத்தால் உதைத்தால் விரல் நுனி இடிபடக்கூடாது, விரல்கள் அசைய இடமிருக்க வேண்டும். எவ்வளவு பஞ்சு அடைத்திருந்தாலும், இறுக்கமான சப்பாத்தில் இரத்தம் ஓடாது. இரத்தம் ஓடாத விரலைப் பனி விடாது.