டபிள்யூ.என்.ஒய்.சி. வானொலி

டபிள்யூ.என்.ஒய்.சி. என்பது அமெரிக்காவின் நியூயார்க் நகரில் இருந்து இயங்கும் பொது வானொலி நிலையம் ஆகும். 1924 ஆம் ஆண்டு சூலை 8 அன்று நகர அரசின் நிலையமாகத் தொடங்கப்பட்டது. 1997 ஆம் ஆண்டு முதல் இலாப நோக்கற்ற அறக்கட்டளை ஒன்றின் உடைமையாக உள்ளது. நகர ஆட்சி, வீட்டு வசதி, கலை ஆகியவை குறித்து நேயர்கள் தொலைபேசி வழியாகப் பங்கேற்கும் உரையாடல் நிகழ்ச்சிகளுக்காக இந்நிலையம் பெரிதும் அறியப்படுகிறது.

பொது வானொலி

இந்தியாவிலும் இலங்கையிலும் பொது ஒலிபரப்பு என்றால் அரசு சார்ந்த வானொலியே பெரும்பாலோர் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் பொது வானொலி என்பது வணிக விளம்பரங்களை நம்பாமல், நேயர்களின் நன்கொடை, அறக்கட்டளைகள் மற்றும் புரவலர்களின் உதவி ஆகியவற்றால் இயங்கும் நிலையங்களைக் குறிக்கும். இவற்றுட் பல, பல்கலைக்கழகங்கள் அல்லது அறக்கட்டளைகளுக்கு உரியவை.

வரலாறு

நகர அரசின் கையில் இருந்த காலத்தில், இவ்வொலிவாங்கி யாருக்கு உரியது என்ற கேள்வி தொடக்கத்திலேயே எழுந்தது. அன்றைய மேயர் ஜான் ஹைலன் நிலையத்தைத் தம் அரசியல் பரப்புரைக்குப் பயன்படுத்துவதாக 1925 இல் வழக்குத் தொடரப்பட்டது. பொதுப் பணத்தில் இயங்கும் நிலையத்தை அவ்வாறு பயன்படுத்தலாகாது என நீதிமன்றம் கட்டுப்படுத்தியது.

1934 இல் மேயராகப் பொறுப்பேற்ற பியொரெல்லோ லா கார்டியா, செலவைக் குறைக்க நிலையத்தை மூடும் எண்ணத்துடன் வந்தார். பின்னர் மனம் மாறி அதன் பெரும் ஆதரவாளரானார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஞாயிறுதோறும் மக்களிடம் நேரடியாகப் பேசினார். உணவுப் பொருட்களின் விலை, பங்கீடு போன்ற அன்றாடச் செய்திகள் அவ்வுரைகளில் இடம்பெற்றன. 1945 சூலையில் நாளிதழ் விநியோகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது சிறுவர்களுக்காகச் சித்திரக் கதைகளை வானொலியில் வாசித்துக் காட்டியது குறிப்பிடத்தக்கது.

1995 இல் மேயர் ரூடி ஜூலியானியின் நிருவாகம், நிலையத்தை அதன் ஆதரவு அறக்கட்டளைக்கு 20 மில்லியன் டாலருக்கு விற்க முடிவு செய்தது. 1997 இல் உரிமை கைமாறியது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் உலக வர்த்தக மையத்தின் மேல் இருந்த பண்பலை ஒலிபரப்பி அழிந்தபோதும் மத்திய அலை ஒலிபரப்பு தொடர்ந்தது. 2008 இல் நகராட்சிக் கட்டடத்தில் இருந்து வாரிக் தெருவில் உள்ள கலையகத்துக்கு நிலையம் இடம்பெயர்ந்தது.

நேயர் உரையாடல்

பிரையன் லேரர் நடத்தும் உரையாடல் நிகழ்ச்சி 1989 இல் வேறொரு பெயரில் தொடங்கியது. பின்னர் அவர் பெயராலேயே அழைக்கப்பட்டது. வார நாட்களில் காலை 10 மணி முதல் நண்பகல் வரை என்பது இதன் நேரம். அழைப்போரிடம் தயாரிப்புக் குழுவினர் முதலில் பேசி, பெயர், வசிக்கும் பகுதி, சொல்ல வரும் கருத்து ஆகியவற்றைக் குறித்துக்கொள்வர். அவற்றில் இருந்து தேர்ந்தெடுக்கப்படும் அழைப்புகளே ஒலிபரப்பாகின்றன. நேயர் தம் முதற்பெயராலும் குடியிருக்கும் பகுதியின் பெயராலும் அறிமுகப்படுத்தப்படுவார். இதனால் ஒரே சிக்கல் நகரின் வெவ்வேறு பகுதிகளில் எவ்வாறு வேறுபடுகிறது என்பது கேட்போருக்கு எளிதில் புலப்படுகிறது.

நேயர்களைத் தகவல் திரட்டுவோராகவும் இந்நிகழ்ச்சி பயன்படுத்தியது. 2007 இல், தத்தம் பகுதிக் கடைகளில் பால் உள்ளிட்ட சில பொருட்களின் விலையை நேயர்கள் தெரிவிக்க, அவை நகர வரைபடத்தில் குறிக்கப்பட்டன. 2010 டிசம்பர் பனிப்புயலின்போது பனி அகற்றப்படாத தெருக்கள் குறித்த தகவலும் இவ்வாறே திரட்டப்பட்டது. 2007 ஆம் ஆண்டுக்கான பீபடி விருது இந்நிகழ்ச்சிக்கு வழங்கப்பட்டது.

பில் டி பிளாசியோ மேயராக இருந்தபோது (2014–2021), பல ஆண்டுகள் வெள்ளிக்கிழமைகளில் இந்நிகழ்ச்சியில் தோன்றி நேயர்களின் கேள்விகளுக்கு விடையளித்தார். லா கார்டியாவின் காலத்தில் மேயர் பேச மக்கள் கேட்டனர். இங்கோ மக்கள் கேள்வி கேட்க மேயர் விடை கூற வேண்டியிருந்தது.

வீட்டு வசதி

நியூயார்க் நகரக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் வாடகை வீடுகளில் வாழ்கின்றனர். சுமார் பத்து இலட்சம் வீடுகளின் வாடகை உயர்வுக்கு ஆண்டுதோறும் வரம்பு விதிக்கப்படுகிறது. மேயர் நியமிக்கும் ஒன்பது உறுப்பினர் கொண்ட வாரியம் இவ்வரம்பை வாக்கெடுப்பின் மூலம் முடிவு செய்கிறது. 2023 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், வாடகைக்குக் காலியாக இருந்த வீடுகள் 1.4 விழுக்காடு மட்டுமே. இத்தகைய நகரில், வாரியத்தின் கூட்டமும் வீட்டு உரிமையாளரின் அறிவிப்பும் ஒரு குடும்பம் அதே தெருவில் தொடர்ந்து வாழ இயலுமா என்பதை முடிவு செய்கின்றன. ஆகவே வாடகைதாரர், சிறு வீட்டு உரிமையாளர் ஆகிய இரு தரப்பினரும் இவ்வுரையாடல்களில் அழைக்கின்றனர்.

2016 இல் "தி நேஷன்" இதழுடன் இணைந்து, புரூக்ளின் பகுதி பற்றிய ஒலித் தொடர் ஒன்றை நிலையம் வெளியிட்டது. வசதி படைத்தோர் குடியேறுவதால் வாடகை உயர்ந்து, நெடுங்காலமாக வாழ்ந்தோர் வெளியேற நேர்வது இதன் கருப்பொருள். அவ்வாண்டு ஏப்ரலில் நகர மன்றம் ஒப்புதல் அளித்த கிழக்கு நியூயார்க் பகுதியின் நிலப் பயன்பாட்டு மாற்றமும் அத்தொடரில் ஆராயப்பட்டது.

கலை

1940 முதல் ஆண்டுதோறும் பிப்ரவரி 12 (லிங்கன் பிறந்த நாள்) தொடங்கி 22 (வாஷிங்டன் பிறந்த நாள்) வரை அமெரிக்க இசை விழாவை நிலையம் பல்லாண்டுகள் நடத்தியது. 1985 முதல் 2017 வரை லெனார்ட் லோபேட் எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் நேர்கண்டார். 2018 இல் அலிசன் ஸ்டூவர்ட் நடத்தும் நண்பகல் பண்பாட்டு நிகழ்ச்சி தொடங்கியது. நியூயார்க் பொது நூலகத்துடன் இணைந்த வாசகர் வட்டம் இதன் ஒரு பகுதியாகும். காப்புரிமை முடிவுற்ற படைப்புகளை அடிப்படையாகக் கொண்டு நேயர்களே பாடல் இயற்றி அனுப்பும் திட்டம் 2023 இல் தொடங்கப்பட்டது.

நிதி

நிலையத்தின் வருவாயில் பெரும்பகுதி நேயர்களின் உறுப்பினர் நன்கொடைகள், அறக்கட்டளை மானியங்கள், புரவலர் உதவி ஆகியவற்றில் இருந்து கிடைக்கிறது. 2025 சூலையில் அமெரிக்கக் காங்கிரசு, பொது ஒலிபரப்புக் கழகத்துக்கு ஈராண்டுகளுக்கென ஒதுக்கியிருந்த சுமார் 1.1 பில்லியன் டாலரைத் திரும்பப் பெற்றது. அடுத்த மாதமே அக்கழகம் தன் பணிகளை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. நேயர் எண்ணிக்கை மிகுந்த பெருநகர நிலையங்களைக் காட்டிலும், கூட்டரசு நிதியையே பெரிதும் சார்ந்திருந்த சிற்றூர் நிலையங்களை இது கடுமையாகப் பாதித்தது.

இவற்றையும் பார்க்க

சமுதாய வானொலி
அகில இந்திய வானொலி
இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்