கண்ணால் பால் அளந்த காலம்

கறவை மாட்டின் உடலைப் பார்த்தே பாலை மதிப்பிடும் வழக்கம் மாட்டுச் சந்தையில் வேரூன்றியது. விற்பவர் சொல்லும் கறவைக் கணக்கை அப்படியே நம்ப முடியாது. ஓர் ஈற்று முழுக்கக் கறந்து பார்த்துவிட்டு விலை பேசவும் வழியில்லை. ஆகவே மடியின் அளவு, காம்பின் இடைவெளி, அடிவயிற்றில் புடைத்தோடும் பால் நரம்பு, தோலின் மென்மை ஆகியவையே சாட்சிகளாயின. ஐரோப்பாவில் இந்தச் சந்தை அறிவு 19-ஆம் நூற்றாண்டில் விதிகளாக எழுதப்பட்டது.

ஜெர்சி தீவில் 1833-இல் தொடங்கிய வேளாண் சங்கம், அடுத்த ஆண்டே மாடுகளுக்கு மதிப்பெண் பட்டியல் ஒன்றை வகுத்தது. காதின் உட்புறம் மஞ்சளாக இருப்பதற்கும் அதில் மதிப்பெண் உண்டு. அந்த மஞ்சள் கரோட்டின் நிறமியால் வருவது. வெண்ணெயின் நிறத்தைப் பற்றி ஏதேனும் சொல்லலாமே தவிர, பாலின் அளவைப் பற்றி எதுவும் சொல்லாது.

இதைவிடத் துணிச்சலான கொள்கை பிரான்சிலிருந்து வந்தது. போர்தோ அருகே லிபூர்னைச் சேர்ந்த பிரான்சுவா கெனோன், தோட்டக்காரரின் மகன். மடியின் பின்புறத்தில் மேல்நோக்கி வளரும் மயிர்ப் பரப்பின் வடிவத்தைப் பார்த்தே பசுவின் கறவையையும், அது எத்தனை மாதம் வற்றாமல் கறக்கும் என்பதையும் சொல்லிவிடலாம் என்றார். வடிவங்களை வகுப்புகளாகவும் தரங்களாகவும் பிரித்து 1838-இல் நூலாக வெளியிட்டார். போர்தோ வேளாண் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. நாற்பதாண்டுகள் கழித்தும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் இதைச் சோதிக்க ஒரு குழு அமைத்தது; குழுவும் கொள்கையை ஆதரித்தது. மயிரின் போக்குக்கும் பால் சுரப்பிக்கும் என்ன தொடர்பு என்ற கேள்விக்கு மட்டும் ஒருவரிடமும் விடை இல்லை.

கண்ணின் ஆதிக்கத்தை முறித்தது அளவை. விஸ்கான்சினில் ஸ்டீபன் பாப்காக் 1890-இல் பாலின் கொழுப்பை எளிதாக அளக்கும் சோதனையை வெளியிட்டார், காப்புரிமை கோரவில்லை. 1895-இல் டென்மார்க்கின் வேயன் ஊரில் உழவர்கள் சேர்ந்து, மாட்டுக்கு மாடு பாலை எடைபோட்டுக் குறித்துவைக்கும் சங்கம் தொடங்கினர். பதிவேடுகள் சேர்ந்ததும் உருவத்தையும் கறவையையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிந்தது. 1920-களில் மெய்ன் மாநில ஆய்வு நிலையத்தில் ஜான் கோவன் அப்படித்தான் பார்த்தார். கண்காட்சி நடுவர்கள் போற்றிய அங்க லட்சணங்கள் பலவற்றுக்கும் கறவைக்கும் உள்ள உறவு மெலிதாகவே இருந்தது. கெனோனின் மயிர்க் கொள்கை மெல்ல வழக்கொழிந்தது.

சில அடையாளங்கள் மட்டும் தப்பின. முன்புறம் ஒடுங்கிப் பின்புறம் அகன்ற ஆப்பு வடிவமும், விலா தெரியும் மெலிந்த உடலும் மிகுந்த பாலோடு சேர்ந்தே காணப்படுகின்றன. ஆனால் மெலிவு பாலைத் தருவதில்லை. அதிகம் கறக்கும் மாடு தன் உடற்கொழுப்பைக் கரைத்துப் பாலாக்குவதால் மெலிகிறது. விளைவைக் காரணமாக எடுத்துக்கொண்ட பழைய கண்ணுக்கு இங்கே தற்செயலாக வெற்றி கிடைத்தது. தமிழ்நாட்டில் கலப்பின மாடு வாங்குவோருக்கான கையேடுகளில் இன்றும் இடம்பெறும் ஆப்பு வடிவமும் பால் நரம்பும் இந்த மரபின் எச்சங்களே.

உருவத்துக்குப் புதிய வேலை வேறிடத்தில் கிடைத்தது. அமெரிக்க ஹோல்ஸ்டீன் இன மாட்டுச் சங்கம் 1929-இல் உடலமைப்புத் தரப்படுத்தலைத் தொடங்கியது. 1980-களில், நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் மடியின் ஆழம், பின்னங்காலின் வளைவு, காம்பின் இடம் என ஒவ்வொன்றையும் தனித்தனியே எண்ணால் குறிக்கும் முறை பரவியது. அப்போது ஒரு முரண் தெளிவாயிற்று: பால் கூடக்கூட மடி தாழ்கிறது, தாழ்ந்த மடி எளிதில் காயம்படுகிறது, மடிநோய்க்கும் ஆளாகிறது. மடியும் காலும் நன்றாக அமைந்த மாடு அன்றாடம் அதிகம் கறக்காவிட்டாலும் கூடுதல் ஈற்றுகள் தொழுவத்தில் நிற்கிறது. உடலமைப்பின் பயன் கறவையைவிட ஆயுளில் இருப்பது இப்படித்தான் புலப்பட்டது.

கண்காட்சி நடுவர்கள் விரும்பிய உயரத்துக்கு நேர்ந்தது இன்னும் கடுமையானது. பெரிய உடல் தன்னைக் காத்துக்கொள்ளவே கூடுதல் தீவனம் கேட்கிறது. அமெரிக்க வேளாண் துறை காளைகளைத் தரவரிசைப்படுத்தும் நிகரப் பயன் குறியீடு, 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து நல்ல மடிக்கும் காலுக்கும் மதிப்பைக் கூட்டுகிறது; பெரிய உடலுக்குக் குறைக்கிறது.