வெப்பி
இணையப் பக்கங்களுக்கென கூகுள் 2010 செப்டம்பரில் அறிவித்த படக்கோப்பு வடிவம். விபி8 காணொளிச் சுருக்கமுறையிலிருந்து பிறந்தது. படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் எப்படி இருக்கும் என்பதை அண்டைக் கட்டங்களிலிருந்து ஊகிக்கிறது. ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே பதிகிறது. ஒத்த தரத்தில் ஜேபெக்கைவிட 25 முதல் 34 விழுக்காடு சிறியது என்பது கூகுளின் கணக்கு. எல்லாப் படத்துக்கும் இவ்வளவு ஆதாயத்தை எதிர்பார்க்க முடியாது. இழப்பிலாச் சுருக்கம், ஒளிபுகு பின்னணி, அசைவு ஆகியவையும் இருப்பதால் பிஎன்ஜி, ஜிஃப் ஆகியவற்றின் வேலையையும் செய்யும். உலாவிகளில் ஃபயர்பாக்ஸ் 2019இலும் சஃபாரி 2020இலும்தான் இதை ஏற்றன. அதுவரை ஜேபெக் நகலையும் உடன்வைக்க வேண்டியிருந்தது. அகலமோ உயரமோ 16,383 புள்ளிகளைத் தாண்ட முடியாது.